நாயனமா, சன்னாயியா, வாலகவா? ஓசூர் பக்கம் மேளம் பேசப் போகிறவர்களுக்கு

எங்கள் பெரியப்பா மகளுக்கு நிச்சயம் வைத்தபோது நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். பெரியப்பா காவேரிப்பட்டணம். மாப்பிள்ளை வீடு பேரிகைப் பக்கம், வீட்டில் தெலுங்கு. பேச்சுவார்த்தை தமிழும் தெலுங்குமாகக் கலந்து சுமுகமாகத்தான் போனது. கடைசியில் சம்பந்தி போனில், "சன்னாயி மட்டும் நீங்களே பார்த்துக்குங்க" என்றார். பெரியப்பாவும் "அதுக்கென்னங்க, ஜமாய்ச்சிடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மண்டபத்து மைக்செட் பையனைக் கூப்பிட்டு, நல்ல ஷெனாயாகப் பார்த்து பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

காலையில் மாப்பிள்ளை வீட்டார் வேனைவிட்டு இறங்குகிறார்கள், ஸ்பீக்கரில் ஷெனாய் உருகுகிறது. தலைவர்கள் யாராவது காலமானால் ரேடியோவில் ஷெனாய் போட்ட காலத்தை மறக்காத கிழவர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு "பஜந்த்ரீலு ஏரி?" என்று கேட்டார். பெரியப்பா பதறிப்போய், "பஜனையா? பஜனைக்கு ஒண்ணும் ஏற்பாடு பண்ணலீங்களே" என்றார்.

அவர் கேட்டது மேளக்காரர்கள் எங்கே என்று. சம்பந்தி சொன்ன சன்னாயி நம்முடைய நாயனம்தான். ஊர்ப் பெயரிலேயே பேரிகையை வைத்திருக்கிறவர்கள் மேளம் இல்லாமல் தட்டு மாற்றுவார்களா? அப்புறம் யார் யாருக்கோ போன் போட்டு, பக்கத்து ஊரில் ஒரு வளைகாப்பை முடித்துக்கொண்டு கிளம்பிய ஒரு நாயனத்தையும் ஒரு தவிலையும் காரில் அள்ளிக்கொண்டு வந்தோம். ஒன்றரை மணி நேரம் தாமதம், கேசரி கல்லாகிவிட்டது.

வேலைக்காக ஓசூரில் வந்து குடியேறி இங்கேயே பெண்ணெடுக்கிறவர்கள், கிருஷ்ணகிரி தர்மபுரிப் பக்கம் முதன்முறையாகக் கல்யாண வேலை பார்க்கிறவர்கள், எங்களை மாதிரி அவஸ்தைப்பட வேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன்.

1. எதிர் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று பாருங்கள்

2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை ஓரம் பெரும்பாலும் தமிழ். வேப்பனப்பள்ளி, பேரிகை, சூளகிரி, பாகலூர் என்று வடக்கே ஏற ஏறத் தெலுங்கு. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று போனால் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். டவுன்களில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. இதெல்லாம் கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருக்காது. ஒரே வீட்டில் பாட்டி கன்னடம், மருமகள் தெலுங்கு, பேரன் பள்ளிக்கூடத்தில் தமிழ் என்று இருக்கும். ஒகேனக்கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள், 'புகையும் கல்' என்று அர்த்தம் வருகிற கன்னடப் பேர் அது, இருப்பது பென்னாகரம் தாலுகாவில்.

ஆக, யார் மேளம் சொல்கிறார்கள், யார் கேட்கப்போகிறார்கள் என்று இரண்டு பக்கத்தையும் பாருங்கள். பேசி முடிக்கிற இளவட்டத்தின் பாஷையைவிட, மண்டபத்தில் முன்வரிசையில் உட்காரப்போகிற பெரியவர்களின் பாஷைதான் முக்கியம். கோபித்துக்கொள்கிறவர்கள் அவர்கள்தானே.

2. ஒவ்வொரு பாஷையிலும் இதற்கு என்ன பேர்

தமிழிலேயே தொடங்குவோம், இங்கேயே மூன்று இருக்கிறது. பத்திரிகையில் நாதஸ்வரம் என்று அச்சிடுகிறார்கள். சங்கீதம் தெரிந்தவர்களில் பலர், நாகஸ்வரம்தான் சரி, நாதஸ்வரம் என்பது பின்னால் வந்த பேர் என்பார்கள். 2022இல், இதைச் செய்கிற ஊரான நரசிங்கம்பேட்டைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோதும் நாகஸ்வரம் என்றுதான் பதிவானது. எங்கள் பக்கம் ஊர்ப்புறத்தில் இரண்டுமே புழங்காது, நாயனம் என்பார்கள். "நாயனக்காரர் வந்துட்டாரா?" அவ்வளவுதான். என்னைக் கேட்டால் நாயனம் என்றே சொல்லுங்கள்; வாயில் சுலபமாக வருகிறது, சண்டையும் இல்லை. இன்னொரு வழக்கு, முழுக் குழுவையும் சேர்த்து மேளம் என்பது. "மேளம் சொல்லியாச்சா?" என்றால் நாயனமும் தவிலும் சேர்ந்துதான். ஆனால் பம்பையும் மேளம்தான், பேண்டு செட்டையும் மேளம் என்கிறவர்கள் உண்டு. பேசும்போது "நாயன மேளம்" என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெலுங்கில் நாதஸ்வரம் என்றாலும் புரியும், வீட்டுப் பேச்சில் சன்னாயி. தவிலுக்கு அங்கே டோலு, ஜோடியாகச் சொன்னால் டோலு சன்னாயி. வாசிக்க வருகிறவர்கள் பஜந்த்ரீலு. இந்த மூன்றும் தெரிந்தால் போதும், பேரிகைச் சம்பந்தியிடம் தலை நிமிர்ந்து பேசலாம். கூடவே ஒன்று: யாராவது உங்களைப் பற்றி "சன்னாயி நொக்குலு" என்று முணுமுணுத்தால் அது வாத்தியத்தைப் பற்றி இல்லை. நேராகச் சொல்லாமல் ஜாடையாகக் குத்திப் பேசுவதற்குத் தெலுங்கில் அப்படி ஒரு வழக்கு.

தெலுங்கு வீட்டில் ஒன்றைத் தவிருங்கள்: நாகஸ்வரம் என்று இலக்கண சுத்தமாகச் சொல்லாதீர்கள். தெலுங்குக்காரர்கள் பலருக்கு நாகஸ்வரம் என்றால் பாம்பாட்டி ஊதுகிற மகுடி. கச்சேரிக்குப் போகிறவர்கள் புரிந்துகொள்வார்கள், மற்றவர்கள் "பெண்ணு வீட்டுக்காரங்க பாம்பாட்டியைக் கூட்டிட்டு வர்றாங்களாம்" என்று சிரிப்பார்கள். தமிழில் சரியான பேர் எல்லையைத் தாண்டினதும் தப்பான பேராகிவிடுகிறது.

கன்னடத்தில் எழுத்துக்கு நாதஸ்வர, நாகஸ்வர இரண்டும் உண்டு. ஊர்ப்புறத்தில் வாலக, சில இடத்தில் ஓலக. கடைசி 'க'வைத் 'தங்கம்' என்பதில் வருகிற மாதிரி சொல்லுங்கள், இல்லாவிட்டால் என்ன கேட்கிறீர்கள் என்று முழிப்பார்கள். வாலக என்பது வாத்தியத்துக்கும் பேர், மொத்த மேளத்துக்கும் பேர்; வாசிக்கிறவர்கள் வாலகதவரு. ஓலக என்ற சொல்லுக்குக் கன்னடத்தில் அரசவை என்றும் ஒரு பொருள் உண்டு. நம் பழைய புத்தகங்களில் ஓலக்கம், திருவோலக்கம் என்று ராஜா கொலுவிருப்பதைச் சொல்வார்களே, அதே குடும்பத்துச் சொல். தளிப் பக்கத்து மண்டபத்தில் அது மணமேடை ஓரத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கிறது.

மலையாளிகள் ஓசூர் கம்பெனிகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு நாதஸ்வரம், நாகஸ்வரம் என்றே புரியும். குழல் அல்லது குறுங்குழல் என்று சொன்னால் செண்டை மேளத்தோடு வருகிற குட்டையான ஊது வாத்தியத்தைச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்லாங்குழல் அவர்களுக்கு ஓடக்குழல்.

உருது பேசுகிற வீட்டில் ஷெஹ்னாயி. அது உண்மையிலேயே வேறு வாத்தியம். அடுத்த படிக்கு வாருங்கள்.

3. பேரைக் கேட்டதோடு விடாமல் பொருளைப் பாருங்கள்

சன்னாயி, ஷெனாய் இரண்டும் காதுக்கு அண்ணன் தம்பி மாதிரிதான் கேட்கும். மராட்டியில் சனயி, வங்காளியில் சானாய் என்று சொல்வதெல்லாம் வடக்கத்தி ஷெனாய். தெலுங்கில் அதே ஒலியோடு வருகிற சன்னாயி நம் தெற்கத்தி நாயனம். அதனால் பேச்சுவார்த்தையில் சந்தேகம் வந்தால் ஒரு படத்தை வாட்ஸப்பில் அனுப்பி "இதுதானே?" என்று கேட்டுவிடுவது உத்தமம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

படத்தில் எதைப் பார்ப்பது? முதலில் நீளம். ஷெனாய் சின்னது, ஒன்றரை அடிக்கு முன்னே பின்னே. நாயனம் அதைவிட நீளம், பெரிய வகை இரண்டரை அடியைத் தாண்டும். அடிவாயைப் பாருங்கள்: ஷெனாய்க்கு உலோகத்தில் பூ மாதிரி விரிந்திருக்கும். நாயனத்துக்கு அந்த விரிந்த பாகம் பெரும்பாலும் மரமே, அதற்கு அணைசு என்று பேர். நடுவில் நீளமாக இருக்கிற குழல் உலவு. விரல் வைக்க ஏழு துளை, அடியில் இன்னும் ஐந்து துளை. அந்த ஐந்தில் விரல் வைக்க மாட்டார்கள், சுதி சேர்க்க மெழுகு வைத்து அடைப்பார்கள்.

நேரில் பார்த்தால் இன்னும் சுலபம், வாய்ப்பக்கம் பாருங்கள். நாயனத்தின் தலையில் நூலில் கட்டின சின்னச் சின்னச் சீவாளிகள் கொத்தாகத் தொங்கும், கூடவே ஒரு ஊசி. சீவாளி என்பது நாணலில் செய்த வாய்முனை. இரண்டு இதழ் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி நடுவில் முடி அளவு இடைவெளி. கெண்டை என்கிற சின்னக் குழாயில் அதைச் செருகி உலவின் தலையில் வைப்பார்கள். எங்கள் ஊர் வித்வான் ஒருவர் மண்டபத்துக்கு வந்ததும் முதலில் செய்கிற வேலை, ஒரு சீவாளியைக் கழற்றி வாயில் ஒதுக்கிக்கொள்வது. வெற்றிலை மாதிரி கன்னத்தில் அது ஊறிக்கொண்டிருக்கும்போதே வருகிறவர்களை விசாரிப்பார், பந்தல்காரரிடம் ஃபேனைத் திருப்பச் சொல்வார். பிறகு எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், ஊசியை உள்ளே விட்டு லேசாக இதழை விரிப்பார், வாயில் வைத்துத் தனியாக ஒரு 'பீ'. சரியில்லை என்றால் அடுத்தது. ஒரு நாள் நாலு சீவாளி மாற்றினார், "காத்து காய்ச்சலா இருக்குப்பா" என்றார். அன்றைக்குச் சரியான வெயில், நாணல் காய்ந்துவிட்டது.

சீவாளி எப்படிப் பேசுகிறது என்று புரியவில்லை என்றால் பூவரச இலை ஒன்றைப் பறித்துச் சுருட்டுங்கள், ஒரு முனையை நசுக்கி உதட்டில் வைத்து ஊதுங்கள். சின்ன வயசில் பீப்பீ என்று ஊதியிருப்பீர்களே, அதேதான். நசுங்கின இரண்டு விளிம்பும் காற்றில் அடித்துக்கொள்கிறது, அந்த அதிர்வு குழலுக்குள் போகிறது. ஷெனாயிலும் இதே இரட்டை நாணல்தான். புல்லாங்குழலில் நாணல் கிடையாது, துளையின் விளிம்பில் காற்று மோதுகிறது. கிளாரினெட், சாக்ஸபோன் இரண்டிலும் ஒற்றை நாணல். எந்தப் பாஷையில் என்ன பேர் சொன்னாலும், வாய்முனையில் எத்தனை நாணல் என்று பார்த்தால் எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும்.

4. மேளம் பேசுகிற நாளில்

பீப்பீ என்று சொல்லிவிட்டேன், ஆனால் வாசிக்கிறவரைப் பீப்பீக்காரர் என்று கூப்பிடாதீர்கள். வித்வான் என்று கூப்பிடுங்கள். கொஞ்சம் பழகினவராக இருந்தால் "அண்ணா" போதும், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஒட்டிக்கொள்கிற ஒரே உறவுமுறை அதுதான் போல.

வழக்கமாக முழு செட் என்றால் இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுதிப்பெட்டி. சுதிப்பெட்டி வருவதற்கு முன் ஒத்து என்று நாயனம் மாதிரியே ஒன்றை ஒருவர் விடாமல் ஊதிக்கொண்டிருப்பார், ஒரே சுரம், மூச்சு விடுகிற இடைவெளிகூடத் தெரியாது. இப்போது எல்லாம் எலக்ட்ரானிக் பெட்டி. சின்ன விசேஷத்துக்கு ஒரு நாயனம் ஒரு தவில் போதும். எத்தனை பேர், முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கும் சேர்த்தா, காலை முகூர்த்தம் மட்டுமா, எத்தனை மணி வரைக்கும், போகவரச் செலவு யாருடையது, இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் குப்பத்திலிருந்தோ ஆனேக்கல்லிலிருந்தோ வரவழைத்தால் வண்டிப் பேச்சு தனியாக வரும்.

நாயனமா சாக்ஸபோனா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கர்நாடகப் பக்கம் கல்யாணங்களில் சாக்ஸபோன் நன்றாகப் பரவியிருக்கிறது. கத்ரி கோபால்நாத் பேரைக் கேட்டிருப்பீர்கள், 2019இல் காலமானார். அப்பா நாகஸ்வர வித்வான், இவரும் முதலில் நாகஸ்வரம் கற்றுக்கொண்டு, மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸைப் பார்த்து அதில் மயங்கிப் போனவர். வாலக சொல்லியாச்சு என்று நீங்கள் இருப்பீர்கள், வருகிறவர் பளபளவென்று பித்தளையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். பித்தளையாக இருந்தாலும் நாணல் வைத்து ஊதுவதால் அதை மரக்காற்று வாத்தியத்தில்தான் சேர்க்கிறார்கள். எனக்கு சாக்ஸ் பிடிக்கும். ஆனால் மாங்கல்யம் கட்டுகிற நேரத்தில் அது என்னவோ பக்கத்து மண்டபத்திலிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது. என் குறைதான்.

முக்கியமானது, உச்சக்கட்ட நேரம். தமிழ் வீட்டில் தாலி கட்டும்போது ஐயர் விரலை ஆட்டுவார், கூட்டத்தில் யாராவது "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்துவார்கள். கன்னட வீட்டிலும் "கட்டிமேள! கட்டிமேள!", அதனால் சிக்கல் இல்லை. தெலுங்கு வீட்டில் "பஜந்த்ரீலு! பஜந்த்ரீலு!" என்பார்கள், நம்ம ஊர்த் தவில்காரருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, தெலுங்குக் கல்யாணத்தில் முகூர்த்தம் என்பது ஜீலகர்ர பெல்லம் வைக்கிற நேரம், அதாவது சீரகமும் வெல்லமும் சேர்த்து ஒருவர் தலையில் ஒருவர் வைத்து அழுத்துகிற நேரம், தாலி அதற்கப்புறம். அங்கே ஒரு முறை முழங்க வேண்டும், தாலிக்கு இன்னொரு முறை. கன்னட வீட்டில் தாரெ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கைமேல் கைவைத்து நீர் வார்த்துக் கொடுக்கிற சடங்கு. இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தவில்காரரிடம் முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். நாங்கள் கல்யாணத்துக்கு அப்படித்தான் செய்தோம். நிச்சயத்தில் பட்ட பாட்டுக்கு அப்புறம் பெரியப்பாவே கைப்பட எழுதினார், அதில் "பஜனை இல்லை, பஜந்த்ரீ" என்று அடிக்கோடு வேறு.

5. இணையத்தில் தேடும்போது

ஒரே எழுத்துக்கூட்டலோடு நிற்காதீர்கள். நாதஸ்வரம், நாதசுவரம், நாகஸ்வரம், நாகசுரம், நாதசுரம், எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். ஒரே வித்வானின் பழைய பதிவு ஒரு பேரிலும் புதியது வேறு பேரிலும் ஏற்றப்பட்டிருக்கும். நாயனம் என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் கண் ஆஸ்பத்திரி வரும், நயனம் என்று எடுத்துக்கொள்கிறது. தெலுங்கு வீட்டாருக்கு அனுப்ப ஏதாவது வேண்டுமானால் ஷேக் சின்ன மௌலானா (1924–1999) வாசித்ததைத் தேடுங்கள். பிரகாசம் மாவட்டத்துக் கரவதி ஊர்க்காரர், தெலுங்கு மண்ணில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வந்து குடியிருந்து, இரண்டு பக்கத்துக்கும் சொந்தமாகிவிட்டவர். தமிழ்ப் பக்கம் யார் என்றால் டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஷெனாய்தான் வேண்டும் என்றால் பிஸ்மில்லா கான். 1947இல் சுதந்திரம் வந்தபோது செங்கோட்டையில் வாசித்தவர், 2001இல் பாரத ரத்னா. அதைச் சாவு வாத்தியம் என்று நம் ஆட்கள் முகம் சுளிப்பது அநியாயம். வடக்கே அது கல்யாண வாத்தியம், நமக்குத்தான் ரேடியோ அப்படிப் பழக்கிவிட்டது.

6. வெளிநாட்டு ஆள் கேட்டால் என்ன சொல்வது

ஓசூர் கம்பெனிகளில் இது நடக்கும். கூட வேலை பார்க்கிறவர் கல்யாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த அதிகாரி வருவார், "இது என்ன?" என்பார். அவருக்குத் தெரிந்த ஒரு பேரைச் சொன்னால் பிடித்துக்கொள்வார்.

ஐரோப்பியராக இருந்தால் ஓபோ என்று சொல்லுங்கள், இரட்டை நாணல் குடும்பம், அங்கே ஆர்க்கெஸ்ட்ராவில் இருக்கிறது. பிரெஞ்சில் அதன் பேர் ஓபுவா, 'உரத்த மரம்' என்று பொருள். அந்தப் பேர் அவர்கள் ஓபோவைவிட நம் நாயனத்துக்குத்தான் பொருந்தும், அவர்களுடையது அடக்கமாகப் பேசும், உடம்பு முழுக்கத் துளைகளை மூடித் திறக்கிற உலோகச் சாவிகள். நாயனத்தில் சாவியே கிடையாது, விரலை அரைகுறையாக மூடியும் மூச்சைக் கூட்டிக் குறைத்தும்தான் சுரத்தை அசைத்து இழைக்கிற கமகம் எல்லாம். ஓபோவுக்கு முந்தின தலைமுறை வாத்தியத்தை ஆங்கிலத்தில் ஷாம், ஜெர்மனில் ஷால்மை என்பார்கள். இரண்டும் கலமுஸ் என்கிற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை, கலமுஸ் என்றால் நாணல்.

ஆள் துருக்கிக்காரர் என்றால் இன்னும் சுலபம், ஸுர்னா. ஈரானியர் என்றால் சோர்னா அல்லது சுர்னாய். கடைசியில் வருகிற 'நாய்' பாரசீகத்தில் நாணல் குழல். ஷெனாயில் இருப்பதும் அதே 'நாய்'தான், பயப்பட வேண்டாம். மலேசியாவில் செருனாய். சீனாவுக்கு மேற்கிலிருந்து போய்ச் சேர்ந்தபோது சுவோனா ஆனது, அங்கே கல்யாணத்துக்கும் அதுதான் சாவுக்கும் அதுதான். பர்மாவில் ஹ்னே. சிங்களத்தில் ஹொரணேவ. இலங்கைத் தமிழரிடம் பேரே மாற்ற வேண்டாம், யாழ்ப்பாணத்தில் நாதஸ்வரம் தவில் சேர்ந்தால் மேளக்கச்சேரி என்பார்கள், கேட்டுச் சளைக்க மாட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ஜோடிகள். துருக்கியில் கல்யாணத்துக்கு தவுல் ஸுர்னா, ஈரானில் டொஹோல் சோர்னா, பேரிகையில் டோலு சன்னாயி, காவேரிப்பட்டணத்தில் தவில் நாயனம். எங்கே போனாலும் இந்த ஊதுகுழலைத் தனியாக விடுவதில்லை, பக்கத்தில் ஒரு முரட்டு மேளத்தை உட்காரவைத்துவிடுகிறார்கள்.

7. கேட்டுக் கேட்டு வாங்கிப் பழகலாம் என்று தோன்றினால்

சிலருக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது, அக்கம்பக்கத்து வீட்டாரின் நலன் கருதி விட்டுவிட்டேன். கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, நாதஸ்வரமும் தவிலும் அங்கே பாடம். பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கிறவர்கள் நேரில் போய் விசாரியுங்கள்.

வாங்குவதானால் நாயனத்தில் இரண்டு வகை. திமிரி குட்டை, சுதி உசத்தி, நாலு கட்டைக்கு மேலே கத்தும். பாரி நீளம், இரண்டு இரண்டரைக் கட்டையில் கனமாகப் பேசும். ராஜரத்தினம் பிள்ளை பாரியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கச்சேரிக்கு அது வழக்கமானது. நையாண்டி மேளத்தில் ஊர்வலத்தோடு நடந்துகொண்டே வாசிக்கிறவர்களுக்குக் குட்டைதான் வசதி. கன்னடத்தில் முகவீணெ என்று ஒன்றைச் சொன்னால் அது இன்னும் சின்னது. பேரில் வீணை இருக்கிறதே என்று தந்தி தேடாதீர்கள், அதுவும் ஊதுகிறதுதான்.

செய்கிற ஊர் கும்பகோணத்துக்குக் கிட்டே நரசிங்கம்பேட்டை. மரத்தின் பேர் ஆச்சா. புதிதாக வெட்டினதை எடுக்க மாட்டார்கள், பழைய வீட்டை இடிக்கும்போது கிடைக்கிற உத்திரம் மாதிரி பல வருஷம் காய்ந்த மரத்தைத்தான் தேடிப் பிடித்துக் கடைகிறார்கள். ஆச்சா நம் ஒகேனக்கல் பக்கத்துக் காட்டிலும் வளர்கிற மரம்தான். ஆன்லைனில் "நாதஸ்வரம்" என்று போட்டு மலிவாக விற்பதில் பாதி அலமாரியில் வைக்கிற அலங்காரப் பொருள், சீவாளியை எடுத்து ஊதிக் காட்டச் சொல்லாமல் காசு கொடுக்காதீர்கள். சீவாளி தேய்கிற சரக்கு, வாத்தியம் வாங்கும்போதே ஒரு கொத்து சேர்த்து வாங்கிவிடுங்கள்.

கடைசியாகக் கல்யாணத்தன்றைக்கு ஒன்று. பந்தி நடக்கிற நேரம் பூரா மேளம் வாசித்துக்கொண்டிருக்கும், எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிறபோது வடை தீர்ந்திருக்கும், வாசித்தவர்களை யாரும் நினைக்க மாட்டார்கள். ஒரு பொறுப்பான பையனை இதற்கென்றே போட்டு, முகூர்த்தத்துக்கு முன்னாலேயே டிபனுக்கு உட்காரவையுங்கள். வித்வான் சீவாளியைக் கழற்றி நூலில் தொங்கவிட்டுவிட்டார் என்றால் பசித்துவிட்டது என்று எங்கள் ஊரில் கணக்கு. தெலுங்கு ஆளிடம் "போஞ்சேசாரா?", கன்னட ஆளிடம் "ஊட்டா ஆய்த்தா?", நம்மவரிடம் "சாப்ட்டீங்களாண்ணா?"